குறி தவறுவது கையா, துப்பாக்கியா?

ஏர் பிஸ்டலை மாற்றுமுன் இலக்குத் தாளைப் படியுங்கள்

பத்து மீட்டர் தள்ளி ஒரு சட்டைப் பொத்தான். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் 10 புள்ளி தரும் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. – அவ்வளவுதான். ஒற்றைக் கையை நீட்டி, 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். முன்சைட்டும் பின்சைட்டும் ஒரு மில்லிமீட்டர் ஒத்துப்போகாவிட்டால் குண்டு ஏறத்தாழ 3 செ.மீ. விலகும். 10-க்குப் பதில் 7.

அடிக்கடி இப்படி ஆனால் பழி துப்பாக்கி மேல் விழுகிறது. சர்வதேசத் தரமுள்ள பிஸ்டல் இறக்குமதிச் சரக்கு. விலை லட்ச ரூபாயைத் தாண்டும். புதிதாக ஒன்று வாங்கப் பெற்றோர் கடன் கணக்குப் போடுமுன் இலக்குத் தாளை உற்றுப் பார்ப்பது நல்லது.

குண்டுகள் நெருக்கமாக, ஆனால் நடுவிலிருந்து விலகி விழுந்தால் கவலையில்லை. பின்சைட்டின் திருகைச் சற்றுத் திருப்பினால் போதும். அவ்வப்போது ஒன்றிரண்டு மட்டும் இடப்பக்கம் கீழே போனால், வலக்கைக்காரர் விசையை வெடுக்கென்று இழுக்கிறார் என்று சந்தேகிக்கலாம். நாலாபுறமும் சிதறினால்தான் விசாரணை தேவை.

முதலில் சைட்டிலும் கைப்பிடியிலும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, பயிற்சியாளர் முன்னிலையில் பிஸ்டலை அசையாமல் கிளாம்பில் பொருத்தி ஐந்து குண்டுகள் சுட வேண்டும். ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே துளையில் போனால் துப்பாக்கி நிரபராதி. கோளாறு பிடியிலோ விசையை இழுக்கும் விரலிலோ இருக்கிறது.

அப்போதும் சிதறினால்? சிலிண்டரில் காற்றழுத்தம் போதுமா, 4.5 மி.மீ. ஈயக் குண்டின் மெல்லிய விளிம்பு நசுங்கியிருக்கிறதா, குழலுக்குள் ஈயம் படிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். பிறகு வேறு வகைக் குண்டு. ஒரு குழலுக்கு ஒத்துவருவது இன்னொன்றுக்கு ஒத்துவராது. எதுவானாலும் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால், நோய் தீர்ந்தாலும் எது மருந்து என்று தெரியாது.

குறி தவறாமலே காலை வாரும் துப்பாக்கியும் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 2021 ஜூலை. தகுதிச் சுற்றில் 16 குண்டுகள் சுட்டிருந்த மனு பாக்கரின் பிஸ்டலில் லீவர் உடைந்தது. சரிசெய்து திரும்பியபோது, மீதி 44 குண்டுகளுக்கு 40 நிமிடம்கூட இல்லை. 575 புள்ளிகள், 12-வது இடம். இறுதிச் சுற்று 2 புள்ளியில் கைநழுவியது. மூன்று ஆண்டு கழித்து, 2024-ல் பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம். இரண்டே நாளில் சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணியில் இன்னொன்று.

போட்டி தொடங்கிய பிறகு துப்பாக்கியைச் சந்தேகிக்க நேரமில்லை. சந்தேகமெல்லாம் பயிற்சிக் கூடத்திலேயே தீர்ந்திருக்க வேண்டும்.