பாட்டியின் நடையும் உடலின் காவற்படையும்

மழைக்காலத்தில் வீட்டில் எல்லோருக்கும் சளி பிடிக்கிறது. பேரனுக்குச் சில நாட்களில் குணமாகிவிடுகிறது. பாட்டிக்கோ அது எளிதில் விடுவதில்லை. சில வேளைகளில் நிமோனியாவாகவும் முற்றிவிடுகிறது. இந்த வேறுபாடு ஏன்?

இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களே நம் உடலின் காவற்படை. அவற்றுள் ஒரு வகையான ‘டி’ அணுக்கள், மார்பெலும்பின் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் பக்குவம் பெறுகின்றன. வயது ஏற ஏற இச்சுரப்பி சுருங்கிவிடுகிறது. ஆகவே, முதுமையில் புதிய ‘டி’ அணுக்களின் வரவு குறைகிறது.

உடற்பயிற்சி இதற்கு உதவுமா? அமெரிக்காவின் வட கரோலினாவில் டேவிட் நீமன் குழுவினர் இதை ஆராய்ந்து, 1993இல் முடிவை வெளியிட்டனர். உடற்பயிற்சிப் பழக்கமில்லாத, 67 முதல் 85 வயது வரையுள்ள 32 பெண்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வாரத்தில் 5 நாள், தினமும் 30 முதல் 40 நிமிடம் சற்று விரைவாக நடந்தனர். மற்றவர்கள் கைகால்களை நீட்டி மடக்கும் எளிய பயிற்சியை மட்டும் செய்தனர். 12 வாரங்களில், இரண்டாம் பிரிவில் 50 சதவீதத்தினருக்குச் சளித்தொல்லை கண்டது. நடந்தவர்களிலோ 21 சதவீதத்தினருக்கே கண்டது!

அப்படியானால் நடந்தவர்களின் வெள்ளணுக்கள் வலிமை பெற்றுவிட்டனவா? அதுதான் இல்லை. இரத்தத்தைச் சோதித்தபோது அவற்றின் திறனில் மாறுதல் தென்படவில்லை. பல ஆண்டுகளாகப் பயிற்சி செய்துவந்த முதிய பெண்களிடம் மட்டுமே அத்திறன் கூடுதலாக இருந்தது.

பின் சளி குறைந்தது எப்படி? ஒரு விளக்கம் உண்டு. நடக்கும்போது இதயம் விரைந்து துடிக்கிறது. இரத்த ஓட்டம் வேகம் பெறுகிறது. மண்ணீரலிலும் இரத்தக் குழாய்ச் சுவர்களிலும் தங்கியிருந்த வெள்ளணுக்கள் வெளிப்பட்டு உடலெங்கும் சுற்றுகின்றன. நடை முடிந்ததும் விரைவிலேயே பழைய நிலை திரும்புகிறது. கொட்டடியில் இருக்கும் காவலர்கள் தினமும் ஒருமுறை ஊரைச் சுற்றி ரோந்து வருவது போன்றது இது. ரோந்து தினமும் நடந்தால்தானே பயன்?

32 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் 2006இல் வெளியான சியாட்டில் நகர ஆய்வும் இதையே காட்டியது. மாதவிடாய் நின்ற, எடை மிகுந்த 115 பெண்கள் அதில் ஓராண்டு பங்கேற்றனர். மிதமான பயிற்சி செய்தவர்களுக்குச் சளி குறைவாகவே பிடித்தது.

நடை, தடுப்பூசிக்கும் மருந்துக்கும் மாற்றாகாது. இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும். நாளை மாலை பாட்டி நடக்கக் கிளம்பினால், நீங்களும் துணைக்குச் செல்லுங்களேன்!