தொலைவுகளிலிருந்து இடங்கள்

நேரான நெடுஞ்சாலை ஒன்றில் நான்கு ஊர்கள் உள்ளன. அவற்றுள் ஒவ்வோர் இணைக்கும் இடைப்பட்ட தொலைவு அளந்து எழுதப்பட்டது. ஆயின், எந்த எண் எவ்விரண்டு ஊர்களுக்கு உரியது என்னும் குறிப்பு அழிந்துபோயிற்று. எஞ்சியவை 2, 3, 4, 5, 6, 9 என்னும் ஆறு எண்களே. இவற்றைக் கொண்டு ஊர்களின் இடங்களை மீட்டெடுப்பதனைக் கணினி அறிவியலார் 'சுங்கச்சாலைப் புதிர்' என்பர்.

மிகப் பெரிய எண்ணிலிருந்து தொடங்குவதே வழி. 9 என்பது இரு முனை ஊர்களுக்கு இடைப்பட்டது. ஆதலின் அவை 0, 9 ஆகிய இடங்களில் அமையும். எஞ்சியவற்றுள் பெரியது 6. இடையிலுள்ள இரண்டு ஊர்களின் தொலைவு, அவற்றுள் ஒன்று முனையிலிருந்து விலகியிருக்கும் தொலைவினும் குறைவாகவே இருக்கும். எனவே 6 ஏதேனும் ஒரு முனையிலிருந்தே அளக்கப்பட்டதாதல் வேண்டும். மூன்றாம் ஊரை 6-இல் வைத்தால் 6, 3 ஆகிய எண்கள் தீர்கின்றன. எஞ்சியவை 2, 4, 5. இப்போது பெரியது 5. நான்காம் ஊரை 5-இல் வைத்தால் அதற்கும் 6-க்கும் இடையே 1 வேண்டும். பட்டியலில் 1 இல்லை. ஆகவே ஓர் அடி பின்வாங்கி, மறுமுனையிலிருந்து 5 அளந்து 4-இல் வைத்தால் 4, 2, 5 மூன்றும் பொருந்துகின்றன. விடை: 0, 4, 6, 9.

தவறான தெரிவைக் கண்டவுடன் கைவிட்டுத் திரும்பும் இம்முறைக்குப் 'பின்வாங்கு நெறிமுறை' என்று பெயர். 20 ஊர்கள் இருப்பின் தொலைவுகள் 190 ஆகும். பெரும்பாலும் தவறு விரைவில் வெளிப்பட்டுவிடும். எனினும் எல்லா நிலைகளிலும் விரைந்து விடை தரும் நெறிமுறை எதுவும் இன்றளவும் கண்டறியப்படவில்லை.

இது வெறும் விளையாட்டன்று. டி.என்.ஏ. இழையைக் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வெட்டும் நொதிகளைக் கண்டறிந்து பயன்படுத்தியமைக்காக வெர்னர் ஆர்பர், டேனியல் நேதன்ஸ், ஹாமில்டன் ஸ்மித் ஆகியோர் 1978-இல் நோபல் பரிசு பெற்றனர். நொதியை முழுமையாகச் செயல்பட விடாமல் இடையிலேயே நிறுத்தினால், எவ்விரண்டு வெட்டிடங்களுக்கும் இடைப்பட்ட துண்டுகள் கிடைக்கும். துண்டுகளின் நீளம் தெரியும். அவை இழையில் இருந்த இடம் தெரியாது. ஊர்களின் கதையே இங்கும்.

இங்கு ஓர் இடர் உண்டு. விடையைக் கண்ணாடியில் காண்பதுபோல் திருப்பிய 0, 3, 5, 9 என்பதும் சரியே. அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் 0, 1, 4, 10, 12, 17 என்னும் இடங்களையும் 0, 1, 8, 11, 13, 17 என்னும் இடங்களையும் ஒப்பிடுக. ஒன்று மற்றொன்றின் கண்ணாடி உரு அன்று. எனினும் இரண்டும் தருகின்ற 15 தொலைவுகளும் ஒன்றே. கணக்கு இரண்டையும் ஏற்கிறது. இழையிலோ ஒன்றுதான் உண்மை. அதனை அறிய ஆய்வாளர் வேறொரு நொதியைக் கொண்டு அவ்விழையை மீண்டும் வெட்டிப் பார்க்க வேண்டியுள்ளது.