யூடெவ்: நிறுவல் பாதைகள்

யூடெவ் என்பது லினக்ஸ் இயங்குதளத்தின் சாதன மேலாளர். 2003-இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் இதனை வெளியிட்டார். 2012-இல் சிஸ்டம்டி திட்டத்துடன் இணைந்தது. அச்சுப்பொறி, பென் டிரைவ் போன்றவற்றைச் செருகும்போது கருனி செய்தி அனுப்பும். யூடெவ் தன் விதிக்கோப்புகளைப் படித்து, அச்சாதனத்தின் அணுகல் உரிமையையும் மாற்றுப் பெயரையும் அமைக்கும்.

விதிகளின் இடங்கள்

• /யூஎஸ்ஆர்/லிப்/யூடெவ்/ரூல்ஸ்.டி – மென்பொருள் பொதிகள் நிறுவுபவை.
• /ஈடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி – கணினி நிர்வாகி எழுதுபவை.
• /ரன்/யூடெவ்/ரூல்ஸ்.டி – தற்காலிகமானவை. கணினியை நிறுத்தினால் அழியும்.

எல்லாக் கோப்புகளும் பெயர் வரிசையில் ஒன்றாகவே படிக்கப்படும். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் ஈடிசியில் உள்ளதே செல்லும். முதல் அடைவில் கைவைத்துத் திருத்தினால், அடுத்த மேம்படுத்தலில் அத்திருத்தம் போய்விடும்.

பாதையை அறிதல்

பழைய டெபியன் பதிப்புகளில் முதல் அடைவு /லிப்/யூடெவ் என இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. வேறு அடைவில் நிறுவிய விதியை யூடெவ் படிக்காது, பிழைச்செய்தியும் வராது. ஆகவே மூலநிரலிலிருந்து நிறுவுவோர் பாதையை ஊகிக்காமல், பிகேஜி-கான்ஃபிக் கட்டளையால் 'யூடெவ்டிர்' மாறியின் மதிப்பைக் கேட்டறிய வேண்டும். விதியை மாற்றியபின் சாதனத்தைக் கழற்றி மீண்டும் செருகிச் சோதிக்கவும்.