எண்ணும் எல்லையும் – 9: புளியரையில் முடியும் முதலிடம்

சாரல் விழத் தொடங்கிவிட்டால், புளியரை சோதனைச் சாவடி வழியாகக் கேரளப் பதிவெண் வண்டிகள் குற்றாலத்துக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். எதிர்த்திசையில் இன்னொரு கூட்டம் சீசன் பார்க்காமல் வருஷம் முழுக்க மலையேறுகிறது. கையில் ஸ்கேன் உறை, பழைய மருந்துச் சீட்டுகள். புற்றுநோய் என்றால் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.; இதயம், மூளை என்றால் ஸ்ரீசித்ரா. தென்காசிப் பக்கத்து வீடுகளில் இந்த இரண்டு பெயர்களுக்கும் விளக்கம் தேவைப்படாது.

சென்ற வாரம் பார்த்த, மாநிலங்களைச் சுகாதாரத்தில் வரிசைப்படுத்தும் நிதி ஆயோக் பட்டியலை இந்த மலைப்பாதையில் வைத்துப் பார்க்கலாம். 2021 டிசம்பரில் வெளியான அந்தப் பட்டியலில், பெரிய மாநிலங்களில் கேரளம் 82.20 புள்ளிகளோடு முதலிடம், தமிழ்நாடு 72.42 பெற்று இரண்டாமிடம். உத்தரப் பிரதேசம் 30.57-இல் கடைசி. ஆக, நாட்டின் முதலிடத்தையும் இரண்டாமிடத்தையும் பிரிக்கும் கோடு தென்காசி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் ஓடுகிறது. இதே தமிழ்நாடு 2018-இல் வந்த முதல் பட்டியலில் மூன்றாவது, 2019-இல் ஒன்பதாவது. நான்கு வருஷத்துக்குள் ஆஸ்பத்திரிகள் இப்படி விழுந்து எழுவதில்லை. எதை எண்ணுகிறோம், அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் இந்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பங்கு என்பது என் எண்ணம். தொற்றா நோய்களையும் மனநலத்தையும் முழுதாக அளக்கத் தரவு இல்லை என்று அந்த அறிக்கையே ஒப்புக்கொள்கிறது.

அந்தக் கோடும் பழசல்ல. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கத்து ஆட்சியில் இருந்த ஊர். அரசு ஊழியரும் மாணவரும் கைதிகளும் அம்மை குத்திக்கொண்டே ஆகவேண்டும் என்று 1879-இல் உத்தரவு போட்ட திருவிதாங்கூரின் பிரஜைகள் அந்த ஊர்க்காரர்கள். தென்காசிக்காரர்களோ, 1939-இல் பொதுச் சுகாதாரத்துக்கென்றே சட்டம் இயற்றிய சென்னை மாகாணத்தின் குடிகள். நடுவில் சில மைல்தான். 2021 பட்டியலிலோ இரண்டு ஊரும் சேர்ந்து ‘தமிழ்நாடு, இரண்டாமிடம்’.

மாவட்ட அளவில் பார்த்தால் விடை கிடைக்கும் என்று நினைப்போம். தென்காசி 2019 நவம்பர் 22-இல் தனி மாவட்டமானது. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புக்காரர்கள் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்தது 2020-லும் 2021-லும். ஆனால் அவர்கள் கையில் இருந்தது 2017-ஆம் ஆண்டின் மாவட்டப் பட்டியல், மொத்தம் 32. தென்காசியின் சுமார் 14 லட்சம் பேர் ‘திருநெல்வேலி’ என்ற வரிக்குள் அடங்கிப்போனார்கள். சிவகிரி மலையடிவாரத்துப் பெண்ணுக்கும் இடிந்தகரைக் கடற்கரைப் பெண்ணுக்கும் ஒரே சராசரி. இதில் வேடிக்கை, வருவாய்த் துறை பிரிப்பதற்கு முன்பே பொதுச் சுகாதாரத் துறை சங்கரன்கோவிலைத் தனிச் சுகாதார மாவட்டமாக வைத்து நடத்திக்கொண்டிருந்தது. வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்த எல்லை, அளக்க வந்தவர்களின் தாளில் இல்லை.

சராசரிக்குள் மறைவதற்கு ஒரு விலையும் உண்டு. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. பக்கத்து விருதுநகருக்கு ஒன்று கிடைத்தது. தென்காசி அந்தப் பட்டியலில் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் முடியாத கேஸ் என்றால், இன்னும் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத்தான் வண்டி கிளம்ப வேண்டும்.

அதிகம் எண்ணுகிற மாநிலம்தான் அதிக நோயாளியாகத் தெரியும் என்பதற்கு இதே மாவட்டத்துக் கடையநல்லூர் சாட்சி. 2012-இல் அந்த ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் டெங்கு உலுக்கியது. நிலவேம்புக் குடிநீர் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது அப்போதுதான். அந்த ஆண்டு தமிழ்நாட்டின் கணக்கு 12,826 பேர், 66 சாவு. நம்மைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் மக்கள் உள்ள உத்தரப் பிரதேசத்தின் கணக்கு 342. அங்குள்ள கொசுக்கள் அவ்வளவு சாதுவா? ரத்தம் எடுத்துப் பரிசோதித்தவர்கள் குறைவு, அதனால் நோயும் குறைவு. இதைச் சொல்லி அந்த 66 சாவைத் துடைத்துவிட முடியாது. தண்ணீர் தினமும் வராத ஊரில் டிரம்மிலும் சிமெண்டுத் தொட்டியிலும் பிடித்து வைப்பார்கள்; ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். தோற்றது குடிநீர் வாரியக் குழாய், ஆனால் மதிப்பெண் குறைவது சுகாதாரத் துறைக்கு.

நல்ல எண்களையும் நான் அப்படியே நம்புவதில்லை. அதே குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் ஆஸ்பத்திரியில். கேட்கச் சந்தோஷம்தான். அவற்றில் 44.9 சதவீதம் சிசேரியன்; தனியாரை மட்டும் எடுத்தால் 63.8. ரத்தசோகையுள்ள பெண்கள் இங்கே 53.4 சதவீதம், கேரளத்தில் 36.3. ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் பக்கம் பீடித்தட்டை மடியில் வைத்துப் புகையிலைத் தூசியில் நாள் முழுக்கக் குனிந்திருக்கும் பெண் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போய்விடுகிறாள். மற்ற நாட்களில் அவள் என்ன சாப்பிடுகிறாள் என்பதை எந்தத் தரவரிசை கேட்கிறது? முதலிடத்துக் கேரளத்திலும் கதை முழுக்க இனிப்பல்ல. வைத்தியத்துக்குத் தன் பையிலிருந்து பணம் எடுப்பதில் கேரளத்துக்காரர் நாட்டிலேயே முன்வரிசை.

இவ்வளவுக்கும் நடுவில் எனக்கு நம்பிக்கை தரும் கணக்கு ஒன்று உண்டு. 2018–20-இல் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு நாட்டில் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. நம் எண் இந்த அளவுக்கு இறங்கியதற்கு, 1994 முதல் தமிழ்நாடு ஒவ்வொரு தாய்ச் சாவையும் தனித்தனியே விசாரித்து வருவது ஒரு காரணம். மாவட்ட ஆட்சியர் வரை போகும் அந்த விசாரணையில் சராசரி பற்றிப் பேச்சில்லை. வலி எத்தனை மணிக்கு வந்தது, 108 எப்போது வந்தது, முதலில் போன ஆஸ்பத்திரியில் ரத்தம் இருந்ததா, அங்கிருந்து அனுப்பி வைத்தவர் யார், ஏன் அவ்வளவு நேரம் வைத்திருந்தார் என்று கேட்பார்கள். பதில் சொல்ல ஆள் இருக்கும்.

(தொடரும்)