கண்ணுக்குத் தெரிந்தால் போதுமா?

ஈப்போவாசிகளுக்குக் கிளேடாங் மலை உச்சிக் கோபுரங்கள் பழகிய காட்சி. உயரம்தான் அவற்றின் பலம். என் இறுதியாண்டு ஆய்வுக்கு மலை கிடைக்கவில்லை. பட்டணத்து மாடி ஒன்றிலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தாத்தாவின் தோட்டத்து வீட்டுக்கு இணையம் கொண்டுபோக வேண்டும். தம்பி அங்கிருந்துதான் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கிறான்.

தொலைநோக்கியில் எதிர்முனை தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. மழையைப் பழித்தேன். தவறு, மழை பெரும்பாலும் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் தொல்லை.

வானொலி அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. வெள்ளரிக்காய்போல் நடுவில் பருத்துப் போகிறது. இதுவே ஃபிரெனெல் மண்டலம். 5.8 கிகாஹெர்ட்ஸில், 10 கிலோமீட்டர் வழியின் நடுவே அதன் ஆரம் சுமார் 11 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது, அதாவது ஏறக்குறைய 7 மீட்டர், தடையின்றி இருக்க வேண்டும். எங்களுக்கோ, பார்வைக்கோட்டுக்கு 3 மீட்டர் கீழேயே செம்பனை ஓலைகள்! ஒரு காலத்தில் அங்கு நின்றவை பால்மரங்கள்.

ஒரு முனையை மட்டும் 8 மீட்டர் உயர்த்தினால் நடுவில் 4 மீட்டர்தான் கூடும்.

"மரம் வளருமில்ல, அதையும் கணக்குல சேத்துக்கய்யா," என்றார் தாத்தா. நான் சேர்த்திருக்கவில்லை. செம்பனை ஆண்டுக்கு அரை மீட்டர் அளவில் உயரும். இரு முனையிலும் கம்பத்தை 6 மீட்டர் ஏற்றினோம். நான்கு ஆண்டுகள் தாங்கும். தம்பிக்குத் தேர்வு இவ்வாண்டு.