முன்பணம் கொடுக்குமுன்

பிழைப்புக்காக ஐதராபாத் வந்து, சிறுகச் சேர்த்த பொருளில் அடுக்கு வீடு வாங்க விழையும் நம்மவர்க்கு ஒரு சொல். 2024இல், இந்நகரின் ஏரி நிலங்களில் எழுந்த கட்டடங்களை ‘ஹைட்ரா’ அமைப்பு இடித்தபோது, பணம் கொடுத்து வாங்கியோரும் கலங்கி நின்றனர்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ 8 வீடுகளுக்கு மேலோ கட்டி விற்பவர், 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி ‘ரேரா’ ஆணையத்தில் பதிவு செய்தல் வேண்டும். முந்திய 5 ஆண்டுகளில் தாம் தொடங்கிய கட்டடங்களையும், அவற்றின் தாமதத்தையும், நிலுவை வழக்குகளையும் அப்போது தெரிவித்தாக வேண்டும்.

ஆகவே, பதிவு எண்ணையும் கட்டட அனுமதி எண்ணையும் கேட்டு, ஆணையத்தின் இணையதளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் முன்பு கட்டிய வீடுகளுக்குக் குடிபுகு சான்றிதழ் கிடைத்ததா என அங்குள்ளோரை வினவுங்கள். எண் தர மறுப்பவரிடம் முன்பணம் தரவேண்டா. கேட்பதில் கூச்சம் எதற்கு? பொருள் நம்முடையதன்றோ!