எங்கே தோண்டுவது என்று சொல்லும் படிப்பு

(பண்டமாரானில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கல்விக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் ஒரு தாயார் என்னிடம் வந்து பேசினார். அவருடைய மகள் பல்கலைக்கழகத்தில் நிலவியல், அதாவது ஜியோலஜி, கடைசி ஆண்டு படிக்கிறாள். அடுத்து, தாதுப் படிவுகள், கனிமத் தேடல் என்ற துறையில் முதுகலை படிக்க ஆசைப்படுகிறாள். "எங்க தாத்தா படிக்காமலே தோட்டத்துல மண்ணு வெட்டினாரு தம்பி. மண்ணத் தோண்டறதுக்கு எதுக்கு மாஸ்டர்ஸ்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நான் நிலவியல் படித்தவன் அல்லன். நிகழ்ச்சிக்காகத் தேடிப் படித்தவற்றைக் கொண்டு அந்த அம்மாவுக்குப் பதில் சொல்வதாகவே இந்த உரையை அமைத்துக்கொள்கிறேன்.

கிள்ளானில் தொடங்கிய கதை

1857ஆம் ஆண்டு கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். அவர்கள் அம்பாங் பக்கம் ஈயம் தேடிப் போனார்கள். பெரும்பாலோர் மலேரியாவுக்குப் பலியானார்கள். ஆனாலும் ஈயம் கிடைத்தது. அந்த முயற்சியிலிருந்து வளர்ந்த ஊர்தான் கோலாலம்பூர்.

ஈயம் ஏன் அங்கே இருந்தது? 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமிக்கடியில் உருகிய கற்குழம்பு மெல்ல மெல்லக் குளிர்ந்து கிரானைட் பாறையாக இறுகியது. அப்போது வெளியேறிய சூடான நீர், பாறை வெடிப்புகளில் ஈயத் தாதுவைப் படியவிட்டது. பின்னர் மழையும் வெயிலும் மலையைக் கரைத்தன. ஈயத் தாது கனமானது. மணலோடு நெடுந்தூரம் அடித்துக்கொண்டு போகாமல் மலையடிவாரப் பள்ளத்தாக்கில் தங்கிவிட்டது. அதனால்தான் நம் பாட்டிமார் காலத்தில் ஓடையில் நின்று டூலாங் தட்டில் மண்ணை அலசியவருக்கும் ஈயம் கிடைத்தது.

பண்டார் சன்வேயில் பிள்ளைகளை நீர் விளையாட்டுக்கு அழைத்துப் போகிறோமே, அந்த இடம் பழைய ஈயச்சுரங்கம். ஸ்ரீ கெம்பாங்கானில் உள்ள மைன்ஸ் ஏரியும் அப்படித்தான். 1972இல் இந்த நாடு ஏறக்குறைய 77,000 டன் ஈயம் எடுத்தது. இன்று அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கண்ணுக்குத் தெரிந்ததை, கைக்கு எட்டியதை எடுத்தாகிவிட்டது. மிச்சமிருப்பது ஆழத்திலும் மண்மூடியும் இருக்கிறது. அதைத் தேடத் தட்டு போதாது, படிப்பு வேண்டும்.

காராக் நெடுஞ்சாலையில் ஒரு பாடம்

அடுத்த முறை கோலாலம்பூரிலிருந்து பெந்தோங்குக்குப் போகும்போது சன்னல் பக்கம் உட்காருங்கள். கெந்திங் செம்பா ஏறி இறங்கும்வரை நீங்கள் கடப்பது மலைத்தொடரின் கிரானைட் பகுதி. அது ஈயத்தின் நாடு. பெந்தோங்கைத் தாண்டி ரவூப் பக்கம் போனால் தங்கத்தின் நாடு. ரவூப்பில் 1889 முதல் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் தங்கம் எடுத்தது. 1961இல்தான் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. பகாங்கிலிருந்து கிளந்தான்வரை அந்தத் தங்கப் பட்டை நீள்கிறது.

இடையில் என்ன இருக்கிறது? பெந்தோங்–ரவூப் கோடு. முன்னொரு காலத்தில் அங்கே ஒரு கடல் இருந்தது. இரண்டு நிலத்துண்டுகள் நெருங்கி வந்து மோத, கடல் மூடிக்கொண்டது. அந்தக் கடலடியின் எச்சப் பாறைகளை இன்றும் அங்கே பார்க்கலாம். ஒருபுறம் ஈயம், மறுபுறம் தங்கம் என்று வந்ததற்கு அந்த மோதலின் வரலாறே காரணம். இந்த வரலாற்றைப் படிக்கத் தெரிந்தவருக்கு எங்கே தேடக் கூடாது என்பதும் தெரியும். தேடலில் பாதிச் செலவை மிச்சப்படுத்துவது அதுதான்.

முதுகலையில் என்னதான் படிக்கிறார்கள்?

இளங்கலையில் பாறை, கனிமம், வரைபடம் என்று எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். முதுகலையில் அந்த எழுத்துகளைச் சேர்த்துத் துப்பறிகிறார்கள் என்று சொல்லலாம்.

ஓர் உதாரணம். சபாவில் கினபாலு மலைப்பக்கம் மாமூட் என்ற இடத்தில் செம்புத் தாது இருந்தது. 1960களில் ஐக்கிய நாடுகளின் ஆதரவில் நடந்த ஆய்வில், ஓடைகளின் அடியில் படிந்த வண்டலை இடம் இடமாக எடுத்துச் சோதித்தார்கள். எந்த ஓடையில் செம்பின் அளவு கூடுகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால், மூலம் அகப்படும். நம் வீட்டில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று ஈரத்தைப் பின்தொடர்ந்து பார்ப்பதைப் போன்ற வேலைதான்.

ஓடை வண்டலுக்குப் பிறகு, கட்டம் போட்டு மண் மாதிரி. அதன் பிறகு, பூமியின் காந்தப் புலத்தையும் மின் கடத்தும் தன்மையையும் அளக்கும் கருவிகள். எல்லாம் ஒரே இடத்தைச் சுட்டினால்தான் துளை போடுவார்கள். துளை போடுவதுதான் பெருஞ்செலவு. வெளியே வரும் கல் உருளையை மீட்டர் மீட்டராகப் பார்த்து எழுத வேண்டும். பாறை நிறம் மாறிய இடம் எது, எந்த வெடிப்பில் தாது இருக்கிறது, அடுத்த துளையை எந்தப் பக்கம் சாய்த்துப் போடுவது என்பதையெல்லாம் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலான தேடல்கள் சுரங்கம்வரை வருவதில்லை. எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்று தெரிவதும் இந்தப் படிப்பின் பாடமே.

மாமூட் சுரங்கம் 1975இல் தொடங்கி 1999இல் மூடப்பட்டது. தோண்டிய பள்ளம் இன்று அமிலத்தன்மை கொண்ட ஏரியாக நிற்கிறது. கந்தகம் கலந்த தாது, காற்றும் நீரும் பட்டால் அமிலமாகும். இதையும் முன்கூட்டியே கணிப்பது நிலவியலாளரின் பொறுப்பு.

'வளம்' வேறு, 'இருப்பு' வேறு

அரிய மண் தனிமங்களைப் பற்றி நாளேடுகளில் படித்திருப்பீர்கள். மின்சாரக் காரின் காந்தம்வரை பலவற்றுக்கும் அவை தேவை. மலேசியாவில் 1 கோடியே 61 லட்சம் டன் இருப்பதாக அரசாங்க மதிப்பீடு சொல்கிறது. 2024 ஜனவரி முதல் பதப்படுத்தாத அரிய மண்ணை ஏற்றுமதி செய்யவும் தடை வந்தது.

இந்த எண்ணைக் கேட்டதும் நாம் பணமாகக் கணக்குப் போடுகிறோம். நிலவியலாளர் அப்படிச் செய்யமாட்டார். மண்ணில் இருக்கலாம் என்று மதிப்பிடுவது 'வளம்'. இலாபத்தோடு, சட்டப்படி, நீர்நிலையையும் காட்டையும் கெடுக்காமல் எடுக்க முடியும் என்று நிறுவப்பட்டதே 'இருப்பு'. வளத்தில் ஒரு பகுதிதான் இருப்பாகும். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் பங்குச் சந்தையில் பணத்தை இழக்கிறார்கள்.

புசாங் தந்த பாடம்

பக்கத்து நாட்டுக் கதை ஒன்று. கிழக்குக் கலிமந்தானில் புசாங் என்ற இடத்தில் மாபெரும் தங்கப் படிவு இருப்பதாகப் பிரி-எக்ஸ் என்ற கனடிய நிறுவனம் அறிவித்தது. அதன் பங்கு மதிப்பு 600 கோடி கனடிய டாலரைத் தாண்டியது. 1997இல் வேறொரு நிறுவனம் பக்கத்திலேயே துளை போட்டுப் பார்த்தது. சொல்லும்படி தங்கம் இல்லை! சோதனைக்கு அனுப்பிய மாதிரிகளில் யாரோ தங்கத்தூளைக் கலந்திருந்தார்கள்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? மாதிரியில் இருந்த தங்கத் துகள்கள் ஓரம் மழுங்கி உருண்டையாக இருந்தன. ஆற்றில் உருண்டு வந்த தங்கம்தான் அப்படி இருக்கும். பாறைக்குள்ளிருந்து நேராக வந்த தங்கம் அப்படி இருக்காது. வழக்கமாகக் கல் உருளையை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியைப் பத்திரப்படுத்துவார்கள். அங்கே முழுவதையும் அரைத்துவிட்டார்கள். திரும்பச் சோதிக்கப் பாதி மிஞ்சவில்லை.

ஆஸ்திரேலியாவில் 1989 முதலே இதற்கென ஜோர்க் விதிமுறை இருக்கிறது. அதன்படி அறிக்கைக்குப் பொறுப்பேற்பவர், அந்த வகைத் தாதுவில் குறைந்தது 5 ஆண்டு அனுபவம் பெற்றிருக்க வேண்டும். பட்டம் அந்தப் பாதையின் தொடக்கம் மட்டுமே.

வேலை கிடைக்குமா?

பெற்றோர்கள் காத்திருக்கும் கேள்வி இது. மறைக்காமல் சொல்கிறேன். இது ஏற்ற இறக்கம் நிறைந்த தொழில். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்தின் பணம் தீர்ந்து ஈய விலை சரிந்தபோது, நம் நாட்டில் சுரங்கங்கள் வரிசையாக மூடின. விலை விழுந்தால் நிறுவனங்கள் முதலில் நிறுத்துவது தேடலைத்தான்.

ஆனால் இதே அறிவு மலைச்சரிவு ஆய்வுக்கும், நிலத்தடி நீருக்கும், கல்லுடைப்பு மலைகளுக்கும், அரசாங்கத்தின் கனிம, புவி அறிவியல் துறைக்கும் பயன்படும். 2008ஆம் ஆண்டு நிலவியலாளர் சட்டப்படி, தொழில் செய்கிறவர் நிலவியலாளர் வாரியத்தில் பதிவு பெற வேண்டும். ஆகவே வெளிநாட்டில் சேரும் முன்பே, அந்தப் பட்டம் ஏற்கப்படுமா என்று வாரியத்திடம் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் துறை உண்டு. நிபோங் திபாலில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் கனிம வளப் பொறியியல் இருக்கிறது. வெளியே தாஸ்மேனியா, இங்கிலாந்தின் கேம்போர்ன், இந்தியாவின் தன்பாத் ஆகியவை இத்துறையில் பெயர் பெற்றவை. எங்கே சேர்ந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். களப்பணி எத்தனை வாரம்? ஆய்வுக்கு உண்மையான சுரங்கத்தின் கல் உருளை கிடைக்குமா? வழிகாட்டும் பேராசிரியர் எந்தத் தாதுவில் வேலை செய்தவர்? பெண் பிள்ளை என்றால், களமுகாமில் தங்கும் வசதியும் பாதுகாப்பும் எப்படி என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அந்த அம்மாவுக்கு

கோலார் தங்கவயலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள், மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் இறங்கித் தங்கம் வெட்டினார்கள். 1880 முதல் அதை நிர்வகித்தது ஒரு பிரிட்டிஷ் நிறுவனம். எந்த மட்டத்தில் எந்தத் திசையில் வெட்டுவது என்று வரைபடம் பார்த்துச் சொன்னவர்கள் வெகுகாலம் வெள்ளைக்காரர்களே. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. இங்கே சிலாங்கூரில் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்திலும் நம்மவர்கள் உழைத்தார்கள். அதுவும் 1960இல் மூடியது.

அம்மா, உங்கள் தாத்தா எங்கே மண்வெட்ட வேண்டும் என்பதை இன்னொருவர் சொன்னார். உங்கள் மகள் படிக்க விரும்புவது, அந்த இன்னொருவரின் வேலையை. தோண்டலாம் என்று சொல்லவும், இங்கே தோண்டாதீர்கள் என்று சொல்லவும் உரிமை தரும் படிப்பு அது. செலவைக் கணக்குப் பாருங்கள். உபகாரச் சம்பளம் தேடுங்கள். வேலை நிலவரத்தை விசாரியுங்கள். மண்ணு வேலை என்பதற்காக மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.